செவலைக்கும் ஒரு சீட் பெல்ட்

கேள்வி: டாக்டர் அம்மா, எங்கள் வீட்டில் ஒரு சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. பெயர் செவலை. பெட்டை, இரண்டரை வயது, 22 கிலோ. கணவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போய்விட வேண்டும் என்பதால் மே மாத நடுவில் சாத்தூரிலிருந்து கிளம்புகிறோம். சாமான்கள் லாரியில் போய்விடும். நாங்கள் எங்கள் ஸ்விஃப்டில். கணவர் ஓட்டுவார், முன்னால் அத்தை, பின்னால் நானும் ஆறு வயது மகனும் செவலையும்.

இதுவரை அது காரில் ஏறியதெல்லாம் ஊசி போடக் கூட்டிப்போனபோதுதான். எச்சில் ஒழுக்கிக்கொண்டு என் மடியில் ஏறிவிடும், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வரும். தம்பி ஆன்லைனில் நாய்க்கான சீட் பெல்ட் ஒன்று வாங்கித் தந்திருக்கிறான். ஒரு முனையைக் காரின் பக்கிளில் செருக வேண்டும், மறு முனைக் கொக்கியைக் கழுத்துப் பட்டையில் மாட்ட வேண்டும். அத்தையோ, "வாயில்லா ஜீவனை அத்தனை தூரம் கட்டிப்போட்டா கூட்டிப்போவது, பாவம்" என்கிறார்கள். மெடிக்கலில் வாந்தி மாத்திரை வாங்கிக் கொடுத்தால் சென்னை வரை தூங்கிவிடும் என்பது பக்கத்து வீட்டுக்காரர் யோசனை. பெல்ட் போதுமா, கூண்டு வாங்கலாமா, மாத்திரை கொடுக்கலாமா?

– வாசகி, சாத்தூர்

பதில்: தம்பி வாங்கித் தந்த பெல்ட்டைக் கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

காரணம் எளிய கணக்குதான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் உடலையும் அதே தூரத்தில் பிடித்து நிறுத்த அதன் எடையைப் போல ஏறக்குறைய 20 மடங்கு விசை தேவைப்படும். செவலைக்கு அது 400 கிலோவுக்கும் மேல். அவ்வளவும் இரண்டு விரல் அகலப் பட்டை வழியாக அதன் கழுத்தில் இறங்கினால் மூச்சுக்குழல் நசுங்கும், கழுத்தெலும்பு முறியும். நீங்கள் போகப்போவது நான்கு வழிச்சாலையில், 50-இல் அல்ல. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மோதல்கூட வேண்டாம். சென்டர் மீடியன் இடைவெளியில் ஒரு பைக் திடீரென்று குறுக்கே வந்து உங்கள் கணவர் பிரேக்கை அழுத்தினாலே, கழுத்தில் கட்டிய நாய்க்கு அடிபடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுங்கியது, கழுத்து அதைவிட அகலம். பயந்துபோய்ப் பின்னால் இழுத்தால் சாதாரணப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு போய்விடும். உங்கள் ஊரில் வேட்டை நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். டோல்கேட் பக்கத்தில் கதவு திறந்திருக்கும்போது அப்படி உருவிக்கொண்டால், அதன் ஓட்டத்தைப் பிடிக்க உங்கள் வீட்டில் ஆள் இல்லை.

ஆகவே ஹார்னஸ் வாங்குங்கள். நெஞ்சையும் முதுகையும் சுற்றி வரும் பட்டை அது. விசை விழ வேண்டிய இடம் மார்பெலும்பு, தோள், விலா. ஆனால் கடையில் ஹார்னஸ் என்று தொங்குவதில் பெரும்பாலானவை நடை கூட்டிப்போவதற்குத் தைத்தவை. அமெரிக்காவில் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற அமைப்பு 2013-இல் சந்தையில் இருந்த கார் ஹார்னஸ்களை நாய் எடையுள்ள பொம்மைகளுக்கு மாட்டி மோதல் சோதனை நடத்தியது. சோதிக்கப்பட்டது என்று விளம்பரம் செய்துகொண்டவைதான் அத்தனையும். பொம்மையை இருக்கையிலேயே ஒழுங்காகப் பிடித்து நிறுத்தியது அவற்றில் ஒன்றே ஒன்று. மற்றவற்றில் தையல் பிரிந்தது, பட்டை அறுந்தது, பொம்மை பறந்தது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் கையில் எடுத்துப் பாருங்கள். நெஞ்சுப் பட்டை அகலமாக, உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும். இழுவை தாங்கும் இடங்களில் பிளாஸ்டிக் கிளிப் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதுகில் வளையத்துக்குப் பதிலாக, காரின் சீட் பெல்ட் பட்டையையே உள்ளே நுழைத்து எடுக்கும்படி காது தைத்திருந்தால் மிக நல்லது. நடுவில் கொக்கி, கயிறு எதுவும் வேண்டியிருக்காது. பக்கிளின் சிவப்புப் பொத்தானை மட்டும் செவலையின் கால் படாத பக்கமாகத் திருப்பி வையுங்கள். தெரியாமல் அதை மிதித்துக் கழற்றிக்கொண்ட நாய்கள் நிறைய.

இந்த இனத்துக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடுக்கம். சாதாரண அளவு ஹார்னஸ் நெஞ்சில் இறுகும், வயிற்றுப் பக்கம் தொளதொளக்கும். விலாவுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு பட்டை வருகிற மாதிரி கிடைத்தால் அதை எடுங்கள். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. தோல் மெல்லியது என்பதால் முன்னங்கால் இடுக்கில் உராய்கிறதா என்று வீட்டிலேயே சில நாள் மாட்டிவிட்டுப் பாருங்கள்.

நீளம் எவ்வளவு? உட்கார வேண்டும், படுக்க வேண்டும், அவ்வளவுதான். முன் சீட்டுக்கு நடுவே தலையை நீட்ட முடிந்தால் அது நீளம் அதிகம். நீளக் கயிற்றில் கட்டிய நாய் அந்த நீளம் முழுவதும் பறந்துவிட்டுத்தான் இழுபடும். தளர்வு எவ்வளவோ அடியும் அவ்வளவு. அது சுதந்திரமாக நடமாடட்டும் என்று இரண்டு பக்கக் கைப்பிடிக்கும் நடுவே கயிறு கட்டி அதில் வளையத்தை ஓடவிடும் ஒரு சாதனத்தையும் விற்கிறார்கள். வாங்காதீர்கள்.

அத்தையிடம் நான் சொன்னதாக இதைச் சொல்லுங்கள். கட்டாத நாய் மோதலில் முதலில் போய் விழுவது அவர்கள் உட்கார்ந்திருக்கும் சீட்டின் மேல்தான். அரிசி மூட்டையை யாரோ பின்னாலிருந்து முழு வேகத்தில் எறிந்தால் எப்படியோ அப்படி. மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வேன் என்று நீங்கள் சொல்லலாம். 400 கிலோவைப் பிடிக்கும் கை யாருக்கும் இல்லை. விபத்துக்குப் பிறகும் பிரச்சினை முடிவதில்லை. கட்டாத நாய் உடைந்த கண்ணாடி வழியே குதித்து நெடுஞ்சாலையில் ஓடும். அல்லது அடிபட்டுக் கிடக்கும் உங்களைக் காவல் காத்து நின்று, 108 ஆம்புலன்ஸில் வந்தவர்களை நெருங்க விடாது. நல்ல நாய்தான் இரண்டாவதைச் செய்யும். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித் தொகுப்பில் 57-ஆவது விதி, காரில் போகும் நாயைத் தகுந்தபடி கட்டியிருக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவில், விலங்குக்குத் தேவையில்லாத வேதனை தரும் விதத்தில் அதை வண்டியில் ஏற்றிச் செல்வதைக் குற்றமாக்கியிருக்கிறது. பாவம் என்ற சொல்லை எங்கே வைப்பது என்று அத்தையே முடிவு செய்யட்டும். (ஸ்கூட்டரின் கால் வைக்கும் பலகையில் நாயை நிறுத்திக்கொண்டு சிக்னலில் பெருமையாக நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். அது வேறு கேள்விக்கான பதில்.)

எங்கே உட்கார வைப்பது? பின்னால், இடது ஓரத்தில். முன் சீட் கூடவே கூடாது. அங்கே ஏர்பேக் மணிக்கு சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் விரியும், அது மனிதர் உயரத்துக்குக் கணக்கிட்டு வைத்தது. இடது ஓரம் என்று சொல்வதற்கு இரண்டு காரணம். நம் சாலையில் இடது கதவுதான் ஓரத்தில் திறக்கும், போக்குவரத்துப் பக்கம் அல்ல. அடுத்தது, நீங்கள் வடக்கு நோக்கிப் போகிறீர்கள். விடியற்காலையில் கிளம்பினால் முற்பகல் வெயில் முழுக்க வலது கண்ணாடியில் விழும். நடுவில் நீங்கள், வலது ஓரத்தில் மகன். மூவருக்கும் தனித்தனி பெல்ட். வலது கதவில் சைல்டு லாக் போட்டுவிடுங்கள், மகனும் இடது பக்கமே இறங்கட்டும். நாய்க்கும் பையனுக்கும் நடுவே நீங்கள் இருப்பது நல்லது. குமட்டலும் பயமும் உள்ள நாய், தன்மேல் சாயும் குழந்தையை நோக்கி உறுமினால் அதன் மேல் குற்றமில்லை.

சீட்டின் மேல் தூளி மாதிரித் தொங்கும் விரிப்பு ஒன்று கிடைக்கிறது, முன் சீட் தலையணைக்கும் பின் சீட் தலையணைக்கும் கட்டுவது. கால் வைக்கும் பள்ளத்தில் நாய் சரிந்து விழாமல் அது தடுக்கும், சீட்டும் அழுக்காகாது. ஆனால் மோதலில் அது எதையும் தாங்காது. நீங்களும் அதே சீட்டில் உட்காருவதால் செவலையின் இடத்துக்கு மட்டும் வருகிற பாதி அளவு விரிப்பாகப் பாருங்கள், இல்லாவிட்டால் கெட்டியான ஒரு ஜமுக்காளம் போதும்.

ஜன்னலை ஏற்றிவிடுங்கள். காற்றில் தலை நீட்டிக்கொண்டு போவது அதற்குப் பிடிக்கும், உண்மைதான். அதே காற்றில் மணலும் கல்பொடியும் பூச்சியும் வந்து விழியில் அடிக்கும். கருவிழியில் புண்ணாகி வரும் நாய்களை நாங்கள் பார்க்கிறோம். அதைவிட மோசமானது, அது முன்னங்காலைக் கதவில் ஊன்றும்போது பவர் விண்டோ சுவிட்ச் அமுங்கிக் கண்ணாடி கழுத்தில் ஏறுவது. ஓட்டுநர் பக்கம் ஜன்னல் பூட்டு பொத்தான் இருக்கும். கிளம்பும் முன் கணவரை அதை அழுத்தச் சொல்லுங்கள்.

கூண்டு வாங்கலாமா என்று கேட்டீர்கள். ஸ்விஃப்டில் முடியாது. சிப்பிப்பாறை தோள் உயரமே ஏறக்குறைய 2 அடி. அது எழுந்து நின்று திரும்பும் அளவு கூண்டு உங்கள் பின் சீட்டிலும் வராது, டிக்கியிலும் வராது. கம்பிக் கூண்டு மோதலில் நசுங்கிக் கம்பியே குத்தும் என்பது வேறு. இன்னோவா மாதிரி வண்டி இருந்து, பின் சீட்டின் முதுகோடு ஒட்டி, அசையாமல் கட்டிவைக்க முடிந்தால் உறுதியான கூண்டு நல்ல வழி. பொமரேனியன், பக் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: சின்ன நாயின் கேரியரை முன் சீட்டின் பின்னால் தரையில் நெருக்கமாக வையுங்கள். சீட்டின் மேல் வைத்து சீட் பெல்ட்டைச் சுற்றிக் கட்டினால், மோதல் சோதனை தேறாத கேரியரை அந்தப் பெல்ட்டே நசுக்கிவிடும்.

இனி வெயில். நீங்கள் போவது அக்னி நட்சத்திரத்தில். சாலையைவிட நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும், பெயருக்குத்தான். நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் அது உடம்புச் சூட்டை வெளியேற்ற வேண்டும். சுற்றியுள்ள காற்றே கொதித்தால் எவ்வளவு இளைத்தும் பயனில்லை. 2005-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் வெயிலில் நிறுத்திய காரை அளந்து பார்த்தார்கள். வெளியே 22 டிகிரி செல்சியஸ்தான், நம் ஊருக்கு அது மார்கழிக் காலை. காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்ததில் ஒரு வித்தியாசமும் இல்லை. சித்திரை மதியத்துக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடப் போகும்போது யாராவது ஒருவர் செவலையோடு நிழலில் இருக்க வேண்டும், மாறி மாறிச் சாப்பிடுங்கள். ஏசியை ஓடவிட்டுப் பூட்டிவிட்டுப் போகலாமே என்று கணவர் கேட்பார். வேண்டாம், என்ஜின் அணைந்தால் யாருக்கும் தெரியாது.

காலை 4 மணிக்குக் கிளம்பினால் வெயில் உச்சிக்கு வரும்போது பெரும்பகுதி தாண்டியிருப்பீர்கள். முந்தின இரவு ஓட்டுபவர் சீக்கிரம் தூங்கியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நாய்க்குப் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவதில் அர்த்தமில்லை. ஸ்விஃப்டில் பின்பக்கம் ஏசி காற்று மெதுவாகத்தான் வரும், முன்பக்கத் துவாரங்களை நடுவழியாகப் பின்னோக்கித் திருப்பிவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கொஞ்சமாகத் தண்ணீர், கொஞ்சம் நடை. நிறுத்தும் இடத்தில் தார்த்தரையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொசுங்கும், மண்தரையில் இறக்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அது அளவுக்கு மீறி இளைத்து, ஈறு செக்கச்செவேலென்று ஆகி, எச்சில் கெட்டியாகி, நடை தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. நாயின் இயல்பான சூடு 38.3 முதல் 39.2 டிகிரி வரை. 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். மருத்துவமனையைத் தேடி ஓடுவதற்கு முன்னால் குளிரவையுங்கள். பெட்ரோல் பங்கில் தண்ணீர்க் குழாய் இருக்கும். உடம்பு முழுக்க, வயிறு தொடை எல்லாம் நனையும்படி ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் அது சூட்டை உள்ளே அடைத்துவிடும். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் புகட்டாதீர்கள். பிறகு ஏசியை முழுக்கத் திறந்து, பக்கத்து ஊர்க் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். தேறிவிட்ட மாதிரித் தெரிந்தாலும் போக வேண்டும், சிறுநீரகச் சேதம் மறுநாள்தான் தெரியும்.

மாத்திரை விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதராகத்தான் இருப்பார், ஆனால் அவர் சொன்னதைச் செய்யாதீர்கள். மனிதர்களின் மாத்திரையைக் கைக்கணக்கில் நாய்க்குக் கொடுப்பது எப்போதும் தவறு. அதைத் தவிர, மயங்கிய நாயால் வளைவிலும் பிரேக்கிலும் உடம்பைச் சமன் செய்ய முடியாது. நாய்களுக்கென்றே உள்ள அசிப்ரோமசின் போன்ற மயக்க மருந்துகள்கூட ரத்த அழுத்தத்தை இறக்கி, உடற்சூட்டைச் சீராக வைக்கும் திறனையும் குறைக்கும். மே மாதக் காரில் அது ஆபத்து. கிரேஹவுண்டு போன்ற ஒல்லி வேட்டை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு. சில மயக்க மருந்துகள் அவற்றின் உடலிலிருந்து வெளியேற அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் என்பது எங்கள் துறையில் பழைய பாடம். சிப்பிப்பாறைக்கும் நான் அதே எச்சரிக்கையோடுதான் மருந்து எழுதுவேன்.

எச்சில் ஒழுகுவது, கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது எல்லாம் குமட்டலின் அடையாளம். அதற்கு மரோபிடன்ட் என்ற மருந்து இருக்கிறது. மயக்காது, வாந்தியை மட்டும் தடுக்கும். உங்கள் கால்நடை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தரட்டும். கிளம்புவதற்கு 2 மணி நேரத்துக்கு முன்னால் ஒரு வாய் உணவோடு கொடுக்க வேண்டும்; ஆகவே இரவு 2 மணிக்கு அலாரம் வைக்க வேண்டியிருக்கும். முழுச் சாப்பாடு முந்தின இரவோடு சரி. ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு வயிறு நிறையத் தின்றதும் இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம், அது உயிரைக் குடிக்கும் அவசரம். வழியில் பசித்தால் இரண்டு மூன்று வாய் தயிர்ச் சாதம் கொடுங்கள். ஓட்டல் பிரியாணி எலும்பு வேண்டாம்.

ஆனால் செவலைக்குப் பாதி வியாதி பயம் என்றுதான் நினைக்கிறேன். கார் என்றால் ஊசி என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது; அதை மாற்ற உங்களுக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. முதலில் என்ஜினைப் போடாமல், கதவைத் திறந்துவைத்து, பின் சீட்டில் அதன் சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். தானாக ஏறித் தின்னட்டும், தள்ளி ஏற்றாதீர்கள். சில நாள் கழித்து ஹார்னஸோடு. பிறகு என்ஜின் ஓட, வண்டி நிற்க. பிறகு தெருமுனை வரை. பிறகு கண்மாய்க் கரைக்கோ தோட்டத்துக்கோ, அது ஓடி விளையாடும் இடம் எதுவோ அங்கே. எந்தப் படியில் எச்சில் ஒழுக ஆரம்பிக்கிறதோ அதற்கு ஒரு படி கீழே இறங்கி இன்னும் சில நாள் இருங்கள். இதில் அவசரம் உதவாது. பயணத்துக்கு முந்தின வாரம்தான் ஞாபகம் வந்தது என்று வருகிறவர்களுக்கு நான் மருந்து எழுதித் தருகிறேன், வேறு என்ன செய்வது.

நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும் ஒரே வரிசை: முதலில் ஹார்னஸில் சங்கிலியை மாட்டுங்கள், சங்கிலியைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள், பிறகு சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள், கடைசியாகக் கதவு. மகனிடம், அம்மா சொல்லாமல் எந்தக் கதவையும் திறக்கக் கூடாது என்று இப்போதே சொல்லிவையுங்கள். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழைக் கார் டேஷ்போர்டில் வையுங்கள்; லாரியில் போகும் பெட்டியில் அல்ல.

கழுத்துப் பட்டையைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அதில் ஒரு தகடு தொங்க வேண்டும், தகட்டில் உங்கள் கைப்பேசி எண். சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியிருப்பதால் போனதும் அதைச் செய்தாக வேண்டும், ஆனால் சிப்பைப் படிக்கக் கருவி வேண்டும். தெருவில் நாயைப் பிடித்தவர் கையில் இருப்பது போன் மட்டும்தான். புது வீட்டில் முதல் சில வாரம் கேட்டுக்குள்ளேகூடச் சங்கிலி இல்லாமல் விடாதீர்கள். சிப்பிப்பாறைக்குச் சுற்றுச்சுவர் ஒரு பொருட்டல்ல, அது தேடுவது சாத்தூரைத்தான். குடிபோவதற்கு முன் எண்ணை மாற்றுவதாக இருந்தால் தகட்டையும் மாற்றிவிடுங்கள்.